முதல் பொட்டலம் நம் கடையில் கிடைக்கக் கூடாது

ஒரு தெருவின் நாடி அந்தத் தெருவின் மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும். எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், எந்த வீட்டில் மாதக் கடைசி இழுபறி, எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பதெல்லாம் சாமான் சீட்டைப் பார்த்ததுமே புரிந்துவிடும். எந்த வீட்டுக்குள் போதை நுழைந்திருக்கிறது என்பதையும் பள்ளிக்கூடத்துக்கும் போலீசுக்கும் முன்னதாக நாம்தான் அறிகிறோம். சனிக்கிழமைதோறும் பற்றைத் தீர்த்து வந்தவர் நான்கு வாரமாகத் தலைகாட்டுவதில்லை. 25 கிலோ சிப்பமாக அரிசி எடுத்த வீடு ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று வாங்கத் தொடங்குகிறது. பால் வாங்க வரும் பையன் மீதிச் சில்லறையோடு வீட்டுக்குப் போகாமல், வெளியே காத்து நிற்கும் இரண்டு பேரோடு வேறு பக்கம் போகிறான்.

இவ்வளவும் நம் கண்முன்னே நடக்கிறது. ஆனால் போதைப் பழக்கம் பற்றிப் பேச்சு வந்தால், அரசு என்ன செய்கிறது, போலீஸ் என்ன செய்கிறது, பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்றே கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விகள்தாம். இக்கட்டுரையிலும் அவற்றைக் கேட்கப் போகிறோம். அதற்கு முன் வணிகர்களாகிய நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. யாருக்கு விற்கிறோம், எதற்கு வாங்குகிறார் என்று கேட்டு விற்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறதா? செங்கற்பட்டு மாவட்டத்தில் சில ஆண்டுகளாக நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் எங்கோ ஒரு விற்பனையாளர் கேட்காமல் விட்ட கேள்வி இருப்பது தெரியும்.

சித்தாமூர் தந்த பாடம்

2023 மே மாதம் நடந்ததை நம் மாவட்டம் எளிதில் மறக்காது. விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் மீனவ கிராமத்திலும், நம் மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்த சித்தாமூர் பகுதியிலும் ஒரே சமயத்தில் கள்ளச்சாராயச் சாவுகள் நிகழ்ந்தன. இரு மாவட்டங்களிலும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏழைக் குடும்பங்களின் சம்பாதிக்கும் கைகள் சாய்ந்தன. அடுத்த ஆண்டு 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே கொடுமை இன்னும் பெரிதாக நடந்து, அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது.

இவர்கள் குடித்தது சாராயமே அல்ல. தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்ற விஷம். பெயிண்ட், வார்னிஷ், ரசாயனத் தொழில்களுக்கு வேண்டிய பொருள் அது. பார்வைக்கும் வாசனைக்கும் சாராயம் போலவே இருக்கும். குடித்த சில மணி நேரம் சாதாரண போதை என்றே தோன்றும். உடலுக்குள் அது பார்மிக் அமிலமாக மாறிய பிறகுதான், அரை நாளோ ஒரு நாளோ கழித்து, வயிற்று வலியும் மூச்சுத் திணறலும் கண் மங்கலும் வரும். அமிலம் முதலில் பிடிப்பது கண் நரம்பை. பிழைத்தவர்களிலும் பார்வை இழப்பவர்கள் உண்டு. "நேற்றுக் குடித்தது இன்று என்ன செய்யும்" என்று வீட்டில் படுத்துக் கிடந்த நேரமே பலரின் உயிரைக் குடித்தது. குடித்தவருக்குக் கண் மங்குகிறது என்று தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சீக்கிரம் போனால் மாற்று மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் உயிரைக் காக்கும். வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்ல நம்மால் முடியும் என்பதால் இதை விளக்கமாக எழுதுகிறோம்.

வணிகர் என்ற முறையில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. மெத்தனால் எந்தக் காட்டிலும் காய்ச்சப்படுவதில்லை. பில் போட்டு, பீப்பாயில் அடைத்து, லாரியில் ஏற்றி, கணக்கில் வைத்து விற்கப்படும் சரக்கு அது. அதற்கென்று 1959ஆம் ஆண்டு விதிகளும் லைசென்சும் இருப்புப் பதிவேடும் உண்டு. 2023ல் அது ரசாயனத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வெளியேறி, கை மாறி, பாக்கெட் சாராயமாகி நம் கிராமங்களுக்கு வந்தது என்று புலன்விசாரணையில் தெரிந்தது. ஒவ்வொரு கை மாறும்போதும் ஒருவர் விற்றார், ஒருவர் வாங்கினார். ஏதாவது ஓர் இடத்தில் விற்றவர் "இது யாருக்கு, எதற்கு?" என்று கேட்டு, பதில் சரியில்லை என்று மறுத்திருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும்.

கொக்கிலமேட்டுத் தேயிலை

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொக்கிலமேடு கடற்கரையில் 2020 ஜூன் மாதம் ஒரு டிரம் கரை ஒதுங்கியது. கண்டெடுத்தவர்கள் மீனவர்கள். உள்ளே சீன எழுத்து அச்சடித்த தேயிலைப் பாக்கெட்டுகள். சோதித்தபோது அவற்றுள் இருந்தது தேயிலை அல்ல, மெத்தாம்பெட்டமைன் என்னும் கொடிய போதைப்பொருள் என்று தெரியவந்தது. கடலில் எங்கிருந்தோ எங்கோ போக வேண்டிய சரக்கு அலையில் தவறி நம் கரைக்கு வந்துவிட்டது.

கடத்துகிறவன் மறைப்பாகத் தேர்ந்தெடுத்தது எதை என்று பாருங்கள். ஆயிரக்கணக்கான மளிகைக் கடை அலமாரிகளில் யாரும் சந்தேகப்படாமல் அடுக்கப்படும் ஒரு பொருளின் உறையை. போதை நம் சரக்கின் வேடத்தில்தான் வருகிறது. தேயிலை உறையில் வருகிறது, சாக்லேட் உறையில் வருகிறது, பாக்கு மணத்தோடு வருகிறது, புதினா வாசனையோடு வருகிறது. 2024 ஆகஸ்டு இறுதியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் போத்தேரியில் மாணவர்கள் தங்கும் அடுக்கு வீடுகளில் ஏறக்குறைய ஆயிரம் போலீசார் ஒரே காலையில் புகுந்து சோதனை நடத்தினார்கள். கஞ்சாவோடு கஞ்சா கலந்த சாக்லேட்டும் அகப்பட்டது. சாக்லேட் என்ற பெயரில் வருவதெல்லாம் சாக்லேட் அல்ல என்பதைப் பெட்டிக்கடை வைத்திருப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பில் இல்லாமல், கம்பெனி விலாசம் இல்லாமல், உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லாமல் யாராவது ஒரு ஜாடி மிட்டாயை வைத்துவிட்டு "விற்றால் பணம் கொடுங்கள்" என்று போனால், அந்த ஜாடியை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

எங்கே தொடங்குகிறது?

எந்தப் பையனும் முதல் நாளே கஞ்சாவிலோ ஊசியிலோ தொடங்குவதில்லை. சுலபமாகக் கிடைப்பதில், விலை குறைந்ததில், வாசனை தெரியாததில் தொடங்குகிறான். 2019ல் மத்திய அரசு சார்பில் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களில் 8.5 சதவீதத்தினர் ஏதாவது ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவது தெரிந்தது. வாயில் அடக்கும் புகையிலைப் பழக்கம் உள்ள மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பத்து வயது நிறைவதற்கு முன்பே தொடங்கியவர்கள். இன்னொரு விவரம் நம்மை நேராகத் தொடுகிறது. சிகரெட் பிடிக்கும் மாணவர்களில் 69 சதவீதத்தினரும், பீடி பிடிப்பவர்களில் 78 சதவீதத்தினரும் அதைப் பெட்டிக்கடை, பான் கடை, தெருவோரக் கடை முதலிய இடங்களில் தாங்களே வாங்கியவர்கள். போதைக்கு முதல் படி கடைத்தெருவில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்று பள்ளி மாணவர்களைப் பிடித்திருப்பது உதட்டுக்கடியில் அடக்கும் சின்னப் பொட்டலம். கூல் லிப் என்ற பெயர் ஆசிரியர்களுக்கெல்லாம் தெரிந்த பெயராகிவிட்டது. புகை இல்லை, நாற்றம் இல்லை, துப்ப வேண்டியதில்லை. வகுப்பில் உட்கார்ந்துகொண்டே வாயில் வைத்திருக்கலாம். 2024ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பள்ளி மாணவர்களிடம் இது பரவுவதைக் கண்டு கவலை தெரிவித்து உற்பத்தியாளர்களிடம் விளக்கம் கேட்டது. இதில் உள்ள நிக்கோடின் மூளையைப் பிடித்துக்கொள்ளும் பொருள். மனித மூளையில் முன்யோசனைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உரிய பகுதி இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முழு வளர்ச்சி பெறுகிறது. அதற்கு முன் பழகியது அழுத்தமாகப் பதிந்துவிடும். நாற்பது வயதில் தொடங்கியவரைவிடப் பதினான்கு வயதில் தொடங்கியவனுக்கு விடுவது கடினம் என்பதன் காரணம் இதுதான்.

மளிகை மட்டும் அல்ல. மற்ற கடைக்காரர்களும் கவனிக்க வேண்டியவை உண்டு. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஸ்டேஷனரிக் கடையில் வைட்னர், ஹார்டுவேர்க் கடையில் தின்னர் ஆகியவற்றைத் துணியிலோ பாலிதீன் பையிலோ ஊற்றி முகரும் பழக்கம் சிறுவர்களிடம் இருக்கிறது. 2019ல் வெளியான மத்திய அரசின் தேசிய ஆய்வில், 10 முதல் 17 வயதினரில் 1.17 சதவீதம் பேரும், பெரியவர்களில் 0.58 சதவீதம் பேரும் இப்படி முகர்பவர்கள் என்று கண்டார்கள். பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக உள்ள ஒரே போதை இதுதான். முதல் முறை முகர்ந்தபோதே இதயம் நின்று இறந்த சிறுவர்கள் உலகமெங்கும் உண்டு. சைக்கிள் இல்லாத பையன் வாரத்தில் மூன்று முறை சொல்யூஷன் டியூப் கேட்டால், எதற்கு என்று கேட்பது கடைக்காரர் கடமை.

மருந்துக் கடை நடத்தும் நம் உறுப்பினர்களுக்கும் ஒரு சொல். டிரமடால், நைட்ரஸெபாம், அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுப்பது சட்டப்படி குற்றம். இவை 2014 மார்ச் முதல் தனிப் பதிவேட்டில் நோயாளி பெயரும் டாக்டர் பெயரும் எழுதி விற்க வேண்டிய வகையில் சேர்ந்தவை. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்தி எய்ட்ஸ், மஞ்சள் காமாலை நோய்களையும் வாங்கிக்கொள்கிறார்கள். பெரும்பாலான மருந்துக் கடைகள் ஒழுங்காக நடக்கின்றன. ஒழுங்கில்லாத ஒரே கடையால் மாவட்டத்துக்கே கெட்ட பெயர் வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பல உறுப்பினர்கள் சட்டத்தைச் சரியாக அறியாமல் அகப்பட்டுக்கொள்கிறார்கள். 2003ஆம் ஆண்டு மத்திய புகையிலைச் சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் எதையும் விற்கக் கூடாது. கல்விக்கூடத்தைச் சுற்றி நூறு கஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. "அப்பா வாங்கி வரச் சொன்னார்" என்று பையன் சொன்னாலும் அவன் கையில் கொடுத்தால் குற்றம்தான். இச்சட்டத்தில் அபராதம் 200 ரூபாய் வரை என்பதால் பலர் அலட்சியம் செய்கிறார்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். சிறுவருக்கு மதுவோ, போதைப்பொருளோ, புகையிலைப் பொருளோ கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இருநூறு ரூபாய்க் குற்றம் என்று நினைத்துச் செய்வது ஏழாண்டுக் குற்றமாகவும் ஆகலாம்.

குட்கா, பான்மசாலா, மெல்லும் புகையிலை ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2013 மே மாதம் தடை விதிக்கப்பட்டது. அந்த ஆணை ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டு வந்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது "இனித் தடை இல்லை" என்று சிலர் சரக்கு எடுத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்ததும் எடுத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். தடை செய்த பொருளை விற்கும் கடைக்கு உணவுப் பாதுகாப்புத் துறை விதிக்கும் தண்டனை இது: முதல் முறை 25,000 ரூபாய் அபராதம், 15 நாள் கடை மூடல். இரண்டாம் முறை 50,000 ரூபாய், 30 நாள். மூன்றாம் முறை ஒரு லட்சம் ரூபாய், 90 நாள்.

கடைக்குப் பின்னால் உள்ள அறையையோ, கோடவுனையோ, மாடியையோ வாடகைக்கு விடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, தெரிந்தே தன் இடத்தையோ வண்டியையோ போதைப்பொருளுக்குப் பயன்படுத்த விடுகிறவருக்கும் அதே தண்டனை என்கிறது. கஞ்சா 20 கிலோவுக்கு மேல் என்றால் பத்து ஆண்டுக்குக் குறையாத சிறை.

கல்லாக் கணக்கு

நியாயத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, வெறும் வியாபாரக் கணக்காகவே பார்ப்போம். ஒரு பொட்டலத்துக்குப் பத்து ரூபாய் லாபம், நாளைக்கு முப்பது பொட்டலம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 9,000 ரூபாய். ஒரு முறை பிடிபட்டால் அபராதமே 25,000. பதினைந்து நாள் கடை மூடிக் கிடந்தால் அத்தனை நாள் விற்பனை போயிற்று. உள்ளே இருக்கும் ரொட்டியும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வீண். வாடகை ஓடும், கரண்ட் பில் ஓடும், வேலையாள் சம்பளம் ஓடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பதினைந்து நாள் அடுத்த கடைக்குப் போன வாடிக்கையாளர் பதினாறாம் நாள் திரும்பி வருவார் என்பது நிச்சயமில்லை. சீல் வைத்த நோட்டீசைப் படித்த தாய்மார்கள் அந்தக் கடைக்குப் பிள்ளையை அனுப்பவும் தயங்குவார்கள். எந்தக் கணக்குப்பிள்ளை பார்த்தாலும் இது நஷ்ட வியாபாரம் என்றே சொல்வார்.

இன்னொரு நஷ்டம் மெதுவாக வருகிறது. இன்று பொட்டலம் வாங்கும் பதினைந்து வயதுப் பையன் பத்து ஆண்டு கழித்துக் குடும்பஸ்தனாக நம் கடைக்கு வர வேண்டியவன். நாளைக்கு 150 ரூபாய் மதுவுக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 4,500. ஒரு சிறு குடும்பத்தின் அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். அந்தப் பணம் நம் கல்லாவுக்கு வராது. வருவது கடன் மட்டுமே. கோவளத்திலும் கொக்கிலமேட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் கடலுக்குப் போகும் இளைஞனுக்குப் பங்குப் பணம் சின்ன வயதிலேயே கையில் வருகிறது. மாமல்லபுரத்தில் கல் செதுக்கும் பையனுக்குக் கைதான் மூலதனம். கை நடுங்கினால் உளி வழுக்கும். செய்யூர், சித்தாமூர்ப் பக்கத்தில் விவசாயக் கூலி வீடுகளுக்கு அன்றைய கூலிதான் அன்றைய உலை. இவர்கள் வாங்கும் சக்தி குறைந்தால் நாம் யாருக்கு விற்பது? திருவள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில் வைத்ததை வணிகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். குடி ஒழுக்கத்தோடு பொருளையும் அழிப்பது.

"நான் விற்காவிட்டால்..."

இதற்கெல்லாம் சிலர் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "நான் விற்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவான். எனக்குத்தான் நஷ்டம்." மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத் தெரியும். ஒரு கடைக்காரர் தனியாக நின்றால் உண்மையும்கூட. ஆனால் நாம் தனியாக நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? 2017ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து, அந்நியக் குளிர்பானங்களை மார்ச் 1ஆம் தேதி முதல் விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் முடிவெடுத்தன. அவை சட்டப்படி விற்கக்கூடிய பொருள்கள். லாபமும் உண்டு. பிரிட்ஜ்கூட கம்பெனி கொடுத்தது. அப்படியிருந்தும் ஊர் ஊராக ஆயிரக்கணக்கான கடைகள் அவற்றை இறக்கி வைத்தன, நாடே திரும்பிப் பார்த்தது. சட்டப்படி விற்கக்கூடிய பொருளையே கூடி நின்று நிறுத்த முடிந்த நமக்கு, சட்டம் தடை செய்த பொட்டலத்தை நிறுத்த முடியாதா?

இன்னொரு நியாயமான குறையும் உண்டு. பிடிபடுவது எப்போதும் சில்லறைக் கடைக்காரர்தான். பைக்கில் மூட்டை கட்டிக்கொண்டு வந்து சரம் சரமாகப் போட்டுவிட்டுப் போகிறவன் யார், அவனுக்கு எந்தக் கோடவுனிலிருந்து வருகிறது, மாநில எல்லையைத் தாண்டி லாரி எப்படி வருகிறது என்பவை கேட்கப்படுவதில்லை. இதை அதிகாரிகளிடம் நாம் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஆனால் சொல்லும் உரிமை நம் அலமாரி சுத்தமாக இருந்தால்தான் நமக்கு வரும். கூட்டத்தில் எழுந்து பேசுகிறவரின் கடையிலேயே பொட்டலம் அகப்பட்டால் சங்கத்தின் வாய் அடைபடும்.

அரசுக்கும் சொல்ல வேண்டும்

பெட்டிக்கடையை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட்டால் அது ஒருதலை நியாயம். தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை முழுவதும் 2003 நவம்பர் முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. 2023-24ல் அதன் மூலம் அரசுக்குக் கிடைத்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கிய மாநிலம் இது. 1971ல் விலக்கு தளர்த்தப்பட்டதும், மீண்டும் வந்ததும், மீண்டும் போனதும் நாம் அறிந்த வரலாறு. "சரக்கு" என்பது நம் தொழிலின் கௌரவமான சொல். இன்று அந்தச் சொல்லைக் கேட்டாலே இளைஞர்கள் வேறொன்றை நினைத்துச் சிரிக்கிறார்கள். இதைவிட வருத்தம் வணிகனுக்கு வேறென்ன?

21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது என்பது விதி. பெட்டிக்கடைக்காரர் வயது கேட்டு விற்க வேண்டும் என்றால் அரசுக் கடையும் கேட்டுத்தான் விற்க வேண்டும். சீருடை மாற்றிய பையன் வேறொருவர் கையில் பணம் கொடுத்து வாங்கிக்கொள்வதையும் தடுக்க வேண்டும். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. சாலையில் சாவு குறைய வேண்டும் என்ற நல்ல நோக்கம். ஆனால் பல ஊர்களில் சாலையோரத்துக் கடை ஊருக்குள் நகர்ந்தது. தாய்மார்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். 2023 ஜூனில் 500 கடைகளை அரசு மூடியது வரவேற்கத்தக்கது. அடுத்து மூட வேண்டியவை பள்ளிக்கூட வழியில், சந்தை வழியில், பேருந்து நிறுத்தத்தருகில் உள்ளவை என்பதே நம் கோரிக்கை. கடைத்தெருவில் மதுக்கடை இருந்தால் மாலை ஆறு மணிக்கு மேல் பெண்கள் அந்தத் தெருவுக்கு வருவதில்லை. அதனால் நம் வியாபாரமும் படுக்கிறது.

சிக்கியவன் திருடன் அல்ல

பழக்கத்தில் விழுந்துவிட்ட பிள்ளையை என்ன செய்வது என்பதையும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை முழுமை பெறாது. அடிப்பதாலோ அறையில் பூட்டுவதாலோ பழக்கம் விடாது. போதை அடிமைத்தனம் ஒரு நோய் என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நீண்ட நாள் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகையால் டாக்டர் கண்காணிப்பில் நிறுத்துவதே முறை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த பிறகு, 1980ல் டி.டி.ரங்கநாதன் பெயரில் நிறுவிய சிகிச்சை மையம் நாட்டுக்கே முன்னோடியாக விளங்குகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். 14446 என்ற இலவச எண்ணில் பேசினால் அருகில் உள்ள மையத்தைச் சொல்வார்கள்.

"வெளியே தெரிந்தால் போலீஸ் கேசாகிவிடும்" என்று அஞ்சிப் பெற்றோர் மறைக்கிறார்கள். போதைப்பொருள் தடைச் சட்டத்திலேயே 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறிய அளவு வைத்திருந்த அடிமை தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து அவருக்குப் பாதுகாப்பு உண்டு. நம்பிக்கையான கடைக்காரர் ஒருவர் அந்தத் தாயிடம் இதைச் சொன்னால் ஒரு பிள்ளை பிழைக்கலாம். வந்து வாங்கும் வீட்டாரின் நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. அதை இதற்குப் பயன்படுத்துவோம்.

நாம் செய்ய வேண்டியவை

செங்கற்பட்டு, மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், கல்பாக்கம், கேளம்பாக்கம் என எல்லா ஊர்ச் சங்கங்களும் அடுத்த மே 5 வணிகர் தினத்துக்குள் தெருவாரியாகக் கூடி, கீழ்க்கண்ட முடிவுகளை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

தடை செய்த பொட்டலங்களை எடுப்பதில்லை, இருப்பில் வைப்பதில்லை என்று ஒவ்வொரு தெருவும் ஒன்றாகத் தீர்மானம் போட வேண்டும். 18 வயதுக்குட்பட்டவருக்குப் புகையிலை இல்லை என்ற அறிவிப்புப் பலகையைச் சட்டம் சொல்கிறபடி பார்வையில் படும்படி மாட்ட வேண்டும். வேலைக்கிருக்கும் ஆளிடமும், மாலையில் கடையைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாரிடமும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். முதலாளி இல்லாத நேரத்தில்தான் தவறு நடக்கிறது.

மொத்த வியாபாரிகள் பில் இல்லாத சரக்கைக் கோடவுனில் ஏற்றக் கூடாது. தின்னர், ஸ்பிரிட், வார்னிஷ் விற்பவர்கள் வாங்குகிறவர் பெயரையும் தேவையையும் எழுதி வைக்க வேண்டும். பார்சல் ஆபீஸ் நடத்துகிறவர்கள் அனுப்புகிறவர் விலாசம் இல்லாத சிறு பெட்டிகளை மறுக்க வேண்டும். பள்ளி அருகே யாராவது பையில் வைத்து விற்பது கண்ணில் பட்டால், மதுவிலக்குப் பிரிவின் 10581 என்ற இலவச எண்ணுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். தகவல் கொடுத்த வணிகருக்குத் தொல்லை வந்தால் சங்கம் முழுவதும் அவர் பின்னால் நிற்கும் என்று தீர்மானத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இது இல்லாவிட்டால் எவரும் வாய் திறக்க மாட்டார்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. போலீஸ் ஸ்டேஷன் ஊருக்கு ஒன்று, கடையோ தெருவுக்கு நான்கு. காலை ஐந்து மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்கு மூடுகிற நம்மைப் போல் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பவர் வேறு யாரும் இல்லை. பையன் கை நீட்டிக் காசை வைக்கும்போது, "தம்பி, யாருக்கு? எதற்கு?" என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்புங்கள். பத்து ரூபாய் வியாபாரம் போகும். அந்தப் பையன் நாளை தன் சம்பளத்தில் மாதச் சாமான் வாங்க வருவான்.